முப்பத்திரண்டு எழுத்தும் ஒரு குதிரையும்

நுழையும்முன்

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றுவது தமிழ் மரபு. ஆயினும் பள்ளிப் பாடவேளைகளில் அவ்விரு கண்களும் வெவ்வேறு திசைகளை நோக்கியே பழகிவிட்டன. கணிதநூலில் கவிதைக்கு இடமில்லை. செய்யுட்பகுதியில் கணக்குக்கு வேலையில்லை என்னும் எண்ணம் மாணவர் உள்ளத்தில் வேரூன்றியிருக்கிறது. திருவரங்கத்தில் தோன்றிய ஒரு பாடல் அவ்வெண்ணத்தை மாற்றவல்லது. முப்பத்தாறு இலக்கங்கள் கொண்ட பேரெண் ஒன்று அப்பாடலின் பின்னணியில் நிற்கிறது. அந்த எண்ணின் இயல்புகளையும் அதனூடே ஒரு குதிரை கண்ட வழியையும் இக்கட்டுரை விளக்குகிறது.

அரங்கமும் ஓர் இரவும்

காவிரியும் கொள்ளிடமும் இரு கைகளாக அணைத்துக் காக்கும் தீவு திருவரங்கம். தெற்கே திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டை உயர்ந்து நிற்க, வடகரையில் ஏழு திருச்சுற்றுகளோடு அரங்கநாதர் திருக்கோயில் விரிந்து கிடக்கிறது. 1987ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற தெற்கு இராசகோபுரம் 236 அடி உயரத்தில் பதின்மூன்று நிலைகளோடு வருவோரை வரவேற்கிறது. கோயிலின் கிழக்குப் பகுதியில், வெள்ளைக் கோபுரத்திற்கு அருகே, சேஷராயர் மண்டபம் இருக்கிறது. முன்னங்கால்களைத் தூக்கிப் பாயும் கற்குதிரைகளைத் தாங்கிய அதன் தூண்களைக் காணாமல் திருவரங்கம் சென்றவர் எவரும் திரும்புவதில்லை.

அந்தக் கற்குதிரைகள் செதுக்கப்படுவதற்கு நெடுங்காலம் முன்பே மற்றொரு குதிரை இவ்வூரில் பாய்ந்திருக்கிறது. அது கல்லில் பாயவில்லை, சொல்லில் பாய்ந்தது. அதைப் பாயவிட்டவர் வேதாந்த தேசிகர். காஞ்சிபுரத்தை அடுத்த தூப்புலில் 1268ஆம் ஆண்டு பிறந்த அவர், வடமொழி, தமிழ், மணிப்பிரவாளம் ஆகிய மூன்றிலும் நூல்கள் இயற்றியவர். அரங்கநாதரின் பாதுகைகளைப் போற்றி அவர் பாடிய ‘பாதுகா சகஸ்ரம்’ என்னும் வடமொழி நூல் 1008 பாடல்களையும் 32 பத்ததிகளையும் கொண்டது. பத்ததி என்பது நூலின் உட்பிரிவு. முப்பதாவது பத்ததி ‘சித்திர பத்ததி’ எனப்படும். சொற்களைக் கொண்டு ஓவியம் போன்ற அமைப்புகளைப் படைக்கும் பாடல்கள் அதில் இடம்பெற்றுள்ளன.

புலவர்களிடையே எழுந்த ஒரு போட்டியின் விளைவாக இந்நூல் முழுவதையும் ஓர் இரவின் ஒரே யாமத்தில் தேசிகர் இயற்றினார் என்பது வைணவ மரபு கூறும் செய்தி. ஒரு யாமம் என்பது மூன்று மணி நேரம். கணக்கிட்டுப் பார்த்தால் ஒரு பாடலுக்குப் பதினொரு நொடிகூடக் கிடைக்காது. இதைக் கேட்போர் இருவகையாகப் பிரிவர். ஒருவகையினர் கைகூப்பி வியப்பர். மற்றொரு வகையினர் ஐயத்தோடு தலையசைப்பர். இருவருமே பெரும்பாலும் அந்த இரவோடு நின்றுவிடுகின்றனர், பாடலுக்குள் நுழைவதில்லை. அந்த இரவை இன்று அளந்து பார்க்க எவராலும் இயலாது. ஆனால் அதில் பிறந்ததாகக் கூறப்படும் பாடல் கண்முன்னே இருக்கிறது. அதை அளந்து பார்க்கத் தாளும் எழுதுகோலும் போதும்.

கட்டங்களில் அமர்ந்த எழுத்துகள்

சித்திர பத்ததியில் அடுத்தடுத்து வரும் இரண்டு பாடல்கள் ‘சதுரங்க துரங்க பதபந்தம்’ என்னும் அமைப்பைச் சார்ந்தவை. துரங்கம் என்றால் குதிரை. ஒவ்வொரு பாடலிலும் அடிக்கு எட்டெழுத்தாக நான்கு அடிகள். ஆக முப்பத்திரண்டு எழுத்துகள். சதுரங்கப் பலகையில் பாதியும் எட்டுக் கட்டங்கள் கொண்ட நான்கு வரிசைகள்தாமே? முதற்பாடலைக் கட்டத்திற்கு ஓர் எழுத்தாக அப்பாதிப் பலகையில் எழுதிக்கொள்ள வேண்டும். பின்னர் இடப்புற மேல்மூலையில் ஒரு குதிரைக்காயை நிறுத்த வேண்டும்.

சதுரங்கக் குதிரை நேராகச் செல்வதில்லை. ஒரு திசையில் இரண்டு கட்டங்களும் அதற்குக் குறுக்கே ஒரு கட்டமுமாகத் தாவுவதே அதன் இயல்பு. அவ்வாறு தாவித் தாவி, ஒரு கட்டத்தையும் விடாமல், ஒரு கட்டத்தையும் இருமுறை மிதிக்காமல், அது முப்பத்திரண்டு கட்டங்களையும் கடக்க வேண்டும். கால் வைத்த வரிசையில் எழுத்துகளைக் கூட்டிப் படித்தால் இரண்டாம் பாடல் கிடைக்கிறது. அது முதற்பாடலின் சிதைவன்று. தனக்கெனப் பொருளும் யாப்பும் உடைய தனிப்பாடல்.

குதிரை எத்தனையாவது அடியில் எந்தக் கட்டத்தை அடைகிறது என்பதைக் கீழுள்ள எண்கள் காட்டுகின்றன.

1   32   9   20   3   24   11   26
16   19   2   29   10   27   4   23
31   8   17   14   21   6   25   12
18   15   30   7   28   13   22   5

ஒன்றிலிருந்து இரண்டுக்கும், இரண்டிலிருந்து மூன்றுக்கும் விரலை நகர்த்திச் சென்றால் குதிரையின் தாவல் ஒவ்வொன்றும் முறை தவறாமல் இருப்பதைக் காணலாம். குதிரை தன் பயணத்தை முடிக்கும் இடமும் கருதத்தக்கது. புறப்பட்ட கட்டத்திற்கு மிக அருகிலுள்ள கட்டத்திலேயே அது வந்து நிற்கிறது.

இத்தகைய குதிரைப்பாடலைத் தேசிகருக்கு முன்பே காசுமீரத்து உருத்திரடர், ஒன்பதாம் நூற்றாண்டில், தம் ‘காவியாலங்காரம்’ என்னும் அணிநூலில் காட்டியுள்ளார். அங்கே குதிரையின் வழியில் படித்தாலும் முதலில் இருந்த பாடலே மீண்டும் கிடைக்கும். தேசிகர் ஒருபடி மேலே சென்று, அவ்வழியில் வேறொரு பாடலையே வைத்துவிட்டார். ஐரோப்பாவில் இலியோனார்டு ஆய்லர் இக்குதிரைப் பயணத்தைக் கணித முறையில் ஆராய்ந்து எழுதியது 1759ஆம் ஆண்டில்தான்.

ஒரு பேரெண் பிறக்கிறது

இனி எழும் வினா இது: முப்பத்திரண்டு எழுத்துகளை எத்தனை விதமாக வரிசைப்படுத்தலாம்?

மூன்று எழுத்துகள் இருந்தால் விடை எளிது. முதலிடத்திற்கு மூன்று வாய்ப்பு, அடுத்ததற்கு இரண்டு, கடைசிக்கு ஒன்று. மூன்றையும் பெருக்க ஆறு வரும். நான்கு எழுத்துகளுக்கு இருபத்து நான்கு, ஐந்துக்கு நூற்றிருபது. இவ்வாறு ஒன்று முதல் ஓர் எண் வரையுள்ள எல்லா முழு எண்களையும் பெருக்கிப் பெறுவதைக் காரணீயப் பெருக்கம் என்று கணிதநூல்கள் கூறும். பத்து எழுத்துகளுக்கே 36,28,800 வரிசைகள் வந்துவிடுகின்றன. முப்பத்திரண்டின் காரணீயப் பெருக்கம் வருமாறு:

263130836933693530167218012160000000

முப்பத்தாறு இலக்கங்கள் கொண்ட இவ்வெண்ணை வலப்புறத்திலிருந்து ஏழேழு இலக்கங்களாக, அதாவது கோடி கோடியாகப் பிரித்தால் 2 – 6313083 – 6933693 – 5301672 – 1801216 – 0000000 என அமைகிறது. கோடி, கோடியால் பெருக்கப்பட்டு, அது மீண்டும் கோடியால் பெருக்கப்பட்டு, இப்படி ஐந்து கோடிகள் ஒன்றையொன்று பெருக்கி நிற்கும் பேரளவைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேற்பட்டது இது. பழந்தமிழர் ஆம்பல், குவளை, நெய்தல், வெள்ளம் எனப் பேரெண்களுக்குப் பெயர் வைத்திருந்ததைப் பரிபாடல் காட்டுகிறது. நீர்நிலையையும் அதில் பூப்பனவற்றையும் கொண்டே எண்ணின் பெருக்கத்தைக் குறித்தது அவர்தம் கற்பனை வளம்.

இப்பெருக்கத்தை உணர மற்றொரு வழியும் உண்டு. நொடிக்கு நூறு கோடி வரிசைகளை எழுதிச் சரிபார்க்கும் கணிப்பொறி ஒன்று இருப்பதாகக் கொள்வோம். எல்லா வரிசைகளையும் பார்த்து முடிக்க, பேரண்டத்தின் இன்றைய வயதான 1,380 கோடி ஆண்டுகளைப்போல் ஏறத்தாழ அறுபது கோடி மடங்கு காலம் அதற்குத் தேவைப்படும்.

இங்கு ஒரு திருத்தமும் வேண்டும். தேசிகரின் பாடலில் சில எழுத்துகள் மீண்டும் வருகின்றன. எடுத்துக்காட்டாக, ‘ரா’ என்னும் எழுத்து நான்கு இடங்களில் உள்ளது. அந்நான்கையும் தமக்குள் இடம் மாற்றினால் பாடல் மாறாது. எனவே வெவ்வேறான வரிசைகளின் எண்ணிக்கையைப் பெற, அவ்வோர் எழுத்துக்காக மட்டும் இருபத்து நான்கால் வகுக்க வேண்டும். மீளும் பிற எழுத்துகளுக்காகவும் அவ்வாறே வகுக்க வேண்டும். ஆயினும் காவிரி வெள்ளத்தில் சில குடங்கள் நீரை முகந்ததால் ஆறு வற்றிவிடுவதில்லை. எஞ்சுவதும் எண்ணித் தீராத பேரெண்ணே.

எண்ணின் உள்ளமைப்பு

இவ்வளவு பெரிய எண்ணைப் பற்றி ஏதேனும் அறிய வேண்டுமானால் அதை முழுமையாகப் பெருக்கிப் பார்க்க வேண்டும் என்று பலர் எண்ணுவர். அது தேவையில்லை. ஒரு மாளிகையைப் பிரிக்காமலே அதன் செங்கற்களை எண்ண முடிந்தால் எப்படி இருக்கும்? எண்களின் உலகில் அது முடியும். பகா எண்களே அந்தச் செங்கற்கள்.

ஒன்று முதல் முப்பத்திரண்டு வரையுள்ள எண்களில் இரண்டால் வகுபடுவன பதினாறு. நான்கால் வகுபடுவன எட்டு. எட்டால் வகுபடுவன நான்கு. பதினாறால் வகுபடுவன இரண்டு. முப்பத்திரண்டால் வகுபடுவது ஒன்று. இவற்றைக் கூட்ட முப்பத்தொன்று வருகிறது. எனவே இப்பேரெண்ணுள் இரண்டு என்னும் காரணி முப்பத்தொரு முறை பெருக்கப்பட்டிருக்கிறது. இவ்வாறே மூன்று பதினான்கு முறையும், ஐந்து ஏழு முறையும், ஏழு நான்கு முறையும், பதினொன்றும் பதின்மூன்றும் இவ்விரு முறையும் அமைகின்றன. 17, 19, 23, 29, 31 ஆகிய ஐந்தும் ஒவ்வொரு முறையே வருகின்றன.

இந்தப் பட்டியலிலிருந்து பல உண்மைகள் தாமே வெளிப்படுகின்றன. ஓர் எண்ணின் இறுதியில் ஒரு சுழி தோன்ற, ஓர் இரண்டும் ஓர் ஐந்தும் இணைய வேண்டும். இங்கே இரண்டுகள் மிகுதி. ஐந்துகள் ஏழு மட்டுமே. ஆகவே எண்ணின் இறுதியில் சரியாக ஏழு சுழிகள் நிற்கின்றன. இவ்வெண் ஒரு கோடியால் மீதியின்றி வகுபடும். பத்துக் கோடியால் வகுபடாது. பதினேழு முதலிய பகா எண்கள் ஒற்றையாக நிற்பதால் இது எந்த முழு எண்ணின் வர்க்கமும் ஆகாது. முப்பத்தேழு போன்ற, முப்பத்திரண்டினும் பெரிய பகா எண் எதுவும் இதை வகுக்காது. இதை மீதியின்றி வகுக்கும் எண்கள் எத்தனை என்பதையும் சொல்லிவிடலாம். ஒவ்வொரு பகா எண்ணும் வரும் முறையோடு ஒன்றைக் கூட்டி, கிடைத்தவற்றைப் பெருக்கினால் 55,29,600 வருகிறது. அத்தனை வகுத்திகள் இவ்வெண்ணுக்கு உண்டு.

இலக்கங்களையும் சோதித்துப் பார்க்கலாம். ஒற்றையிடத்து இலக்கங்களைத் தனியாகவும் இரட்டையிடத்து இலக்கங்களைத் தனியாகவும் கூட்டினால் இரண்டுமே 54 ஆகின்றன. அவ்விரண்டின் வேறுபாடு சுழியாதலால் எண் பதினொன்றால் வகுபடும் என்பது உறுதிப்படுகிறது. இரண்டையும் சேர்த்தால் 108. அது ஒன்பதால் வகுபடுவதால் எண்ணும் ஒன்பதால் வகுபடும். முப்பத்தாறு இலக்கங்களுள் ஒன்றைத் தவறாக எழுதியிருந்தால் பதினொன்றுக்கான இச்சோதனையே பிழையைக் காட்டிக் கொடுத்திருக்கும்.

இயல்பும் தற்செயலும்

இந்த இடத்தில் அடியார் உள்ளம் துணுக்குறக்கூடும். இலக்கங்களின் கூட்டுத்தொகை 108; வைணவத் திருப்பதிகளும் 108; அவற்றுள் முதலாவது திருவரங்கம். இறுதியில் நிற்கும் சுழிகள் ஏழு. கோயிலின் திருச்சுற்றுகளும் ஏழு. இது அரங்கனின் அடையாளமன்றோ என்று கேட்கத் தோன்றும்.

கணிதம் இக்கேள்வியைக் கேலி செய்வதில்லை. பொறுமையாகப் பிரித்துப் பார்க்கிறது. எண்ணுள் ஒன்பது என்னும் காரணி இருப்பதால் இலக்கங்களின் கூட்டுத்தொகை ஒன்பதின் மடங்காகவே இருந்தாக வேண்டும். இந்த அளவுள்ள எண்ணுக்கு அது 99, 108, 117, 126, 135 போன்ற சில எண்களுள் ஒன்றாக அமைவது எதிர்பார்க்கத்தக்கதே. மேலும், இலக்கங்களின் கூட்டுத்தொகை எண்ணின் பண்பன்று. அதைப் பத்தின் அடுக்குகளில் எழுதும் வழக்கத்தின் விளைவு. மனிதர் பத்து விரல்களால் எண்ணப் பழகியதால் வந்த வழக்கம் அது. இதே எண்ணைக் கணிப்பொறியின் முறைப்படி இரண்டின் அடுக்குகளில் எழுதினால் இறுதியில் ஏழு சுழிகள் நில்லா. முப்பத்தொரு சுழிகள் நிற்கும்.

ஆனால் பகாக் காரணிகளோ வகுத்திகளின் எண்ணிக்கையோ எம்முறையில் எழுதினாலும் மாறுவதில்லை. எழுதும் முறை மாறினாலும் மாறாதிருப்பது எண்ணின் இயல்பு. முறையோடு சேர்ந்து மாறுவது அதன் தோற்றம். தோற்றத்தில் கிடைக்கும் ஒப்புமைகள் இனிமையானவை. நினைவில் வைத்துக்கொள்ள உதவுபவை. அவற்றைச் சான்றாகக் கொள்ளும்போதுதான் அறிவு வழிதவறுகிறது. பக்தி என்பது வேறு; மெய்ப்பிப்பு என்பது வேறு. ஒன்றின் இடத்தில் மற்றொன்றை அமர்த்தினால் இரண்டுக்குமே சிறுமை நேர்கிறது.

குதிரை ஏன் வீடு திரும்பவில்லை?

குதிரை, புறப்பட்ட கட்டத்திற்குப் பக்கத்துக் கட்டத்தில் நின்றுவிட்டது. அங்கிருந்து ஒரே தாவலில் முதற்கட்டத்தை அடைய இயலாது. இன்னும் திறமையாக வழி அமைத்திருந்தால் பயணத்தை ஒரு வட்டமாக நிறைவு செய்திருக்கலாமா? இயலாது என்பதே விடை. அதற்கான காரணத்தைப் பதினொன்றாம் வகுப்பு மாணவர் எவரும் உணர்ந்துகொள்ள முடியும்.

நான்கு வரிசைகளுள் முதலாவதையும் நான்காவதையும் புறம் என்றும், நடுவிலுள்ள இரண்டையும் அகம் என்றும் அழைக்கலாம். புறக்கட்டங்கள் பதினாறு, அகக்கட்டங்கள் பதினாறு. புறத்தில் நிற்கும் குதிரை எப்படித் தாவினாலும் அகத்தில்தான் விழும். ஆகவே வட்டப் பயணத்தில் இரு புறக்கட்டங்கள் அடுத்தடுத்து வாரா. அவற்றுக்கிடையே அகக்கட்டம் ஒன்றேனும் வர வேண்டும். இரண்டும் சம எண்ணிக்கையில் இருப்பதால் புறம், அகம், புறம், அகம் என மாறி மாறி வருவது தவிர வேறு வழியில்லை. மறுபுறம், குதிரை ஒவ்வொரு தாவலிலும் வெள்ளைக் கட்டத்திலிருந்து கறுப்புக்கும் கறுப்பிலிருந்து வெள்ளைக்கும் மாறுகிறது. இவ்விரண்டு மாற்றங்களும் ஒத்த நடையில் செல்வதால் புறக்கட்டங்கள் அனைத்தும் ஒரே நிறமாக இருக்க வேண்டும். ஆனால் முதல் வரிசையிலேயே இரு நிறங்களும் உள்ளன. எனவே வட்டப் பயணம் என்பது இப்பலகையில் என்றுமே நிகழாது.

இதே சிந்தனையை நீட்டித்தால் மற்றோர் உண்மையும் விளங்குகிறது. வட்டமாகாத பயணத்திலும் குதிரை புறத்தில் தொடங்கிப் புறத்திலேயே முடிக்க வேண்டும். வழியில் ஒரே ஒருமுறை அகத்திலிருந்து அகத்திற்குத் தாவ வேண்டும். அத்தாவலுக்கு முன் ஒரு நிறத்துப் புறக்கட்டங்கள் எட்டும், பின் மற்ற நிறத்துப் புறக்கட்டங்கள் எட்டும் முடிய வேண்டும். ஆகவே அத்தாவல் பதினாறாம் அடிக்கும் பதினேழாம் அடிக்கும் இடையில், பயணத்தின் நட்டநடுவில்தான் நிகழ முடியும். தேசிகரின் குதிரை அவ்வாறே செய்கிறது. பதினாறாம் அடியில் இரண்டாம் வரிசையின் முதற்கட்டத்தில் நின்று, பதினேழாம் அடியில் மூன்றாம் வரிசையின் மூன்றாம் கட்டத்திற்குத் தாவுகிறது. கவிஞர் விரும்பினாலும் அந்த இடத்தை மாற்றியிருக்க இயலாது.

இப்பலகையில் குதிரை செல்லத்தக்க முழுப்பயணங்கள் எத்தனை? தொடங்கும் திசையையும் கணக்கிட்டால் 62,176. பேரண்டத்தின் வயதை விஞ்சும் காலம் தேவைப்பட்ட வரிசைகளின் கடலில், குதிரையின் விதி விட்டுவைத்தவை இவ்வளவே. கடல் ஒரு கிணறாகச் சுருங்கிவிட்டது. கண்மூடித்தனமான தேடல் யுகங்களைக் கடந்தாலும் முடியாது; விதியை அறிந்த தேடலோ ஒரு வாழ்நாளுக்குள் அடங்கும். வழி முன்னரே மனத்தில் பதிந்திருந்தால் அது ஓர் இரவிலும் அடங்கக்கூடும்.

மீண்டும் மீண்டும் படித்தால்

முதற்பாடலைக் குதிரை வழியில் படிக்க இரண்டாம் பாடல் கிடைக்கிறது. அவ்விரண்டாம் பாடலையே மீண்டும் கட்டங்களில் வரிசையாக எழுதி, அதே வழியில் படித்தால் என்ன ஆகும்? மூன்றாவதாக ஓர் எழுத்து வரிசை வரும். அதற்குப் பொருள் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் இம்முறையை நிறுத்தாமல் தொடர்ந்தால் முப்பதாவது முறையில் தொடக்கத்திலிருந்த பாடலே, ஓர் எழுத்தும் பிறழாமல், மீண்டு வந்து நிற்கும்.

இதன் காரணத்தை மேலுள்ள எண்வரிசையிலேயே காணலாம். முதல் எழுத்து எப்போதும் முதல் இடத்திலேயே இருக்கிறது. மூன்றாம் வரிசையின் ஐந்தாம் கட்டம் பலகையின் இருபத்தொன்றாம் கட்டம். குதிரை அங்கே கால் வைப்பதும் இருபத்தொன்றாம் அடியில். ஆதலால் அவ்வெழுத்தும் இடம் பெயர்வதில்லை. எஞ்சிய முப்பது எழுத்துகளும் ஒரே சங்கிலியாகப் பிணைந்து, ஒவ்வொன்றும் மற்றொன்றின் இடத்திற்கு நகர்ந்துகொண்டே செல்கின்றன. முப்பது முறை நகர்ந்ததும் எல்லாம் தத்தம் இடத்திற்கு வந்து சேர்கின்றன. பலகையில் வீடு திரும்ப இயலாத குதிரை, எழுத்துகளை மட்டும் வீட்டுக்கு அழைத்து வந்துவிடுகிறது.

இதையெல்லாம் தேசிகர் எண்ணிப் பார்த்துத்தான் அமைத்தாரா என்பதற்கு அவர் பாடலில் சான்றில்லை. சித்திர பத்ததி முப்பதாவதாக இருப்பதையும் இம்முப்பதையும் முடிச்சுப் போடுவது தோற்றத்தில் மயங்குவதாகும். அவர் தேடியது கணிதத் தேற்றத்தையன்று. தாம் போற்றும் பாதுகைக்கு ஏற்ற ஒரு பாடலை. ஆனால் முறையோடு கட்டப்பட்ட ஒன்று, கட்டியவர் அறிந்ததைவிட அதிகமான உண்மைகளைத் தன்னுள் வைத்திருக்கும். கல்லணையைக் கட்டியவர்கள் இன்றைய நீரியல் சூத்திரங்களை எழுதவில்லை. ஆயினும் அணை அவற்றுக்கு உட்பட்டே நிற்கிறது.

சித்திரகவியின் இடம்

ஆசு, மதுரம், சித்திரம், வித்தாரம் எனக் கவிபாடுவோரை நால்வகையாகப் பிரித்தது தமிழ். சித்திரகவியின் வகைகளுக்குத் தண்டியலங்காரம் இலக்கணம் வகுத்துள்ளது. முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாகவே அமையும் மாலைமாற்றில் திருஞானசம்பந்தர் ஒரு பதிகமே பாடியுள்ளார். இருந்தும் சித்திரகவியைச் சொல்விளையாட்டு என்று ஒதுக்கிய திறனாய்வாளர் வடமொழியிலும் உண்டு, தமிழிலும் உண்டு. உணர்ச்சி ஊற்றெடுக்க வேண்டிய இடத்தில் கட்டம் போட்டுக் கணக்குப் பார்ப்பதா என்பது அவர்கள் கேள்வி.

அக்கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. கட்டங்களை நிரப்புவதற்காகவே எழுதப்பட்டு, பொருள் நலிந்துபோன சித்திரகவிகள் பல உண்டு. ஆனால் விதி என்பது எப்போதும் விலங்கன்று. வெண்பாவின் தளைகள் வள்ளுவரைக் கட்டிப் போடவில்லை. ஏழு சீர்களுக்குள் உலகை அடக்கும் ஆற்றலை அவையே அவருக்கு அளித்தன. எல்லையற்ற வாய்ப்புகளின் நடுவே நிற்பவனுக்கு வழி தெரிவதில்லை. எதைச் செய்யலாகாது என்று அறிந்தபின்தான் எதைச் செய்யலாம் என்பது புலப்படுகிறது. கவிதையில் அதற்கு யாப்பு என்று பெயர். கணிதத்தில் நிபந்தனை என்று பெயர்.

2022ஆம் ஆண்டு மாமல்லபுரத்தில் நடைபெற்ற சதுரங்க ஒலிம்பியாடின் சின்னமாக, வேட்டி கட்டிய குதிரை ஒன்று ‘தம்பி’ என்னும் பெயரோடு ஊர்தோறும் கைகூப்பி நின்றது. அதற்குப் பின் சதுரங்கப் பலகை இல்லாத பள்ளி அரிதாயிற்று. அப்பலகையில் பாதியை மறைத்துவிட்டு, ஒரு குதிரையைப் புறத்தின் ஒரு மூலையில் நிறுத்தித் தாவவிடலாம். பல முயற்சிகள் இருபதாம் அடியிலோ இருபத்தைந்தாம் அடியிலோ முட்டி நிற்கும். அப்போது பின்னோக்கி வந்து, நட்டநடுவில் அகத்திலிருந்து அகத்திற்குத் தாவும் அந்த ஓர் அடி சரியான இடத்தில் விழுந்ததா என்று பார்க்க வேண்டும். பிழை பெரும்பாலும் அங்கேயே பிடிபடும். முப்பத்திரண்டாம் கட்டத்தில் குதிரை வந்து நிற்கும்போது, அந்தப் பேரெண்ணின் பெருமையையும் அதை வென்ற வழியின் அருமையையும் கை தானே உணர்ந்திருக்கும்.